எழுத்தைக் கொடுத்தவர்கள்

அவையினருக்கு வணக்கம். லடாக் போய் வந்தவர்கள் கொஞ்சம் கை தூக்குங்கள். சரி, ஏழெட்டுப் பேர் இருக்கிறீர்கள். நுப்ரா பள்ளத்தாக்கில் ஹுண்டர் மணல்மேட்டில் இரட்டைத் திமில் ஒட்டகத்தைப் பார்த்திருப்பீர்கள். இன்றைய சீனாவின் வடமேற்கு மூலையிலுள்ள யார்கந்து நகரிலிருந்து காரகோரம் கணவாய் வழியாகச் சரக்கு சுமந்து வந்த ஒட்டகங்களின் வாரிசுகள் அவை. 1949-ஐ ஒட்டி அந்தப் பாதை அடைபட்டது. வணிகர்கள் வருவது நின்றது, ஒட்டகங்கள் இங்கேயே தங்கிவிட்டன.

அந்த வணிகர்களின் பாட்டன்மாரை நிறுத்தி ‘நீங்கள் யார்’ என்று கேட்டிருந்தால், ‘உய்குர்’ என்று சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த வடமேற்கு மூலையில் வாழும், துருக்கிய மொழி பேசும் முஸ்லிம் மக்களை இன்று அப்படித்தான் அழைக்கிறோம். யார்கந்துக்காரன், காஷ்கர்க்காரன், துர்பான்காரன் என்று ஊர்ப்பெயர்தான் வந்திருக்கும். ஆனால் பெயர் பழையது. 744-இல் மங்கோலியப் புல்வெளியில் உய்குர் பேரரசு எழுந்தது. 840-இல் கிர்கிஸ்கள் அதை அழித்தபோது, ஒரு பெரும் பகுதியினர் தெற்கே இறங்கித் துர்பான் பாலைவனச் சோலைகளில் குடியேறி, அங்கிருந்தவர்களோடு கலந்தார்கள். அங்கே மானி என்ற பாரசீகத் தீர்க்கதரிசியின் சமயமும் பௌத்தமும் செழித்தன. 15-ஆம் நூற்றாண்டில் துர்பானும் இஸ்லாத்துக்கு மாற, பெயர் மெல்ல மறைந்தது. 1921-இல் சோவியத் பக்கத்துத் தாஷ்கந்தில் கூடிய அவர்களுடைய பிரதிநிதிகள்தான் அதை மீட்டெடுத்தார்கள். இதை வைத்து ‘உய்குர் என்பதே நேற்று கட்டிய பெயர்’ என்று வாதாடுகிறவர்கள் உண்டு. பெயர் தூங்கி எழுந்தது உண்மைதான். அந்த ஆட்கள் எங்கும் போகவில்லையே!

நான் பேச வந்தது அவர்களுடைய எழுத்தைப் பற்றி. 1204-இல் மங்கோலியப் புல்வெளியில் இருந்த நைமன் அரசைச் செங்கிஸ்கான் வென்றபோது, அரசு முத்திரையோடு ஓர் அதிகாரி பிடிபட்டார். தாத்தா தொங்கா என்ற உய்குர். (நம் காதுக்கு ‘தாத்தா’ என்றே விழுகிறது, என்ன செய்வது!) தன் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுக்கும்படி அவரிடம் கான் சொன்னார். மேலிருந்து கீழாக ஓடும் மங்கோலிய எழுத்து அப்படி உய்குர் எழுத்திலிருந்து வந்தது. 1599-இல் அதிலிருந்து மஞ்சு எழுத்து பிறந்தது. பெய்ஜிங் அரண்மனையின் உள்வாயில்களில் சீன எழுத்துக்குப் பக்கத்தில் நெடுக்காகத் தொங்குகிறதே, அதுதான். சீனாவை ஆண்ட அந்த மஞ்சு அரச மரபுதான் 1759-இல் உய்குர் நாட்டைப் பிடித்தது. 1884-இல் அதை ‘ஷின்ஜியாங்’, அதாவது புதிய எல்லை, என்று மாகாணமாக்கியது.

கொடுத்தவர்கள் கதி என்ன ஆயிற்று? 1881-இல் ரஷ்யா, தான் பிடித்து வைத்திருந்த ஷின்ஜியாங்கின் இலி பள்ளத்தாக்கைச் சீனாவிடம் திருப்பித் தந்தபோது, பல்லாயிரம் பேர் எல்லை தாண்டி ரஷ்யப் பக்கம் போனார்கள். 1962-இல் இன்னொரு அலை: அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், உய்குர்களும் கசாக்குகளுமாக, மூட்டை முடிச்சோடு சோவியத் கசாக்ஸ்தானுக்குப் போனார்கள். அப்புறம் எல்லை இறுகியது. அங்கே பிள்ளைகள் ரஷ்யர்களின் சிரிலிக் எழுத்தில் உய்குர் படித்தார்கள். இந்தப் பக்கம் சீன அரசு லத்தீன் எழுத்தைப் புகுத்தியது. ‘யெங்கி யேஸிக்’, புது எழுத்து என்று பெயர். 1982-இல், இஸ்லாத்துக்கு மாறியபின் அவர்கள் எழுதிவந்த, அரபி வழி வந்த எழுத்துக்கே திரும்பினார்கள். இடையில் பள்ளிக்குப் போனவர்கள் மறுபடி அரிச்சுவடியில் உட்கார வேண்டியிருந்தது. எண்பதுகளில் எல்லை திறந்து அண்ணன் தம்பிகள் சந்தித்தபோது பேச்சு அப்படியே புரிந்தது. ஒருவர் எழுதியதை மற்றவரால் வாசிக்க முடியவில்லை.

வேறொரு கூட்டம், கம்யூனிஸ்டுகள் சீனாவைப் பிடித்த 1949-இல், பனிமலை ஏறி நம் லடாக், காஷ்மீர் வழியாகத் தப்பியது. உய்குர் தலைவர் ஈசா யூசுப் அல்ப்தெகின் அப்படி ஸ்ரீநகர் வந்து, பிறகு துருக்கி சேர்ந்தவர். 2004-இல் புலம்பெயர்ந்த உய்குர்களின் அமைப்பான உலக உய்குர் காங்கிரஸ் ஜெர்மனியின் மியூனிக்கில் உருவானது.

2017-க்குப் பிறகு நடந்தது தனிப் பேச்சுக்கான விஷயம். உய்குர்களை அடைத்து வைத்த முகாம்களைத் தொழிற்பயிற்சி மையங்கள் என்றது சீனா. மனித குலத்துக்கு எதிரான குற்றமாக இருக்கலாம் என்றது 2022 ஆகஸ்டில் வந்த ஐ.நா. மனித உரிமை அலுவலக அறிக்கை. வெளிநாட்டிலிருந்து போன் போட்டால், ‘இனிமேல் கூப்பிடாதே’ என்று பெற்ற தாயே சொன்ன வீடுகள் உண்டு.

இஸ்தான்புல்லில் உய்குர் பிள்ளைகள் வார நாட்களில் துருக்கிப் பள்ளியில் இடமிருந்து வலமாக எழுதுகிறார்கள். தாய்மொழி வகுப்பில் வலமிருந்து இடமாக. நோட்டை எந்தப் பக்கமிருந்து பிரிப்பது என்பதுதான் அங்கே முதல் பாடம்.