செங்கலை நிமிர்த்தினால் எடை கூடுமா?

வணக்கம் நண்பர்களே, தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கிற புளியரையிலிருந்து பேசுகிறேன். நேற்று டியூஷனில் அழுத்தம் பாடம் எடுத்தேன், அதைச் சூட்டோடு சூடாகச் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் வரும் பிள்ளைகளில் சிலர் இந்தப் பக்கம் தமிழில் படிக்கிறார்கள், சிலர் ஆரியங்காவு தாண்டிப் போய் மலையாளத்தில் படிக்கிறார்கள். நமக்கு விசை, அவர்களுக்குப் பலம். நமக்கு அழுத்தம், அவர்களுக்கு மர்த்தம். அது பழகிவிடும். ஆனால் நாம் உந்துவிசை என்று சொல்கிறோமே, ஒரு பரப்பைச் செங்குத்தாக அமுக்கும் மொத்த விசை, அதற்கு அங்கே வியாபகமர்த்தம் என்று பெயர், பெயருக்குள்ளேயே மர்த்தம் வந்து உட்கார்ந்திருக்கிறது, பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்? தமிழில் படிக்கிற பிள்ளைகளும் தெளிவாக இல்லை. "பரப்பு குறைஞ்சா எடை கூடும்லா டீச்சர்" என்று அடித்துச் சொல்கிறார்கள்.

சரி, சூத்திரத்தை அப்புறம் பார்ப்போம் என்று ஒரு செங்கல்லை எடுத்தேன். 23 செ.மீ. நீளம், 11 அகலம், 7 உயரம். முதலில் தராசில் படுக்க வைத்தோம், 3 கிலோ. நிமிர்த்தி வைத்தோம், அதே 3 கிலோ. இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், ஒவ்வொரு பிள்ளையும் வந்து தராசைப் பார்க்கட்டும்.

அப்புறம் அன்னக்கூடையில் குழைத்து வைத்திருந்த வயல் மண்ணில் அதே செங்கல்லை வைத்தோம் (குழி இருக்கிற பக்கம் மேலே இருக்கட்டும், இல்லையென்றால் பரப்புக் கணக்கு தப்பிவிடும்). படுக்க வைத்தபோது லேசாகத் தடம் விழுந்தது. நிமிர்த்தியதும் பொதுக்கென்று இறங்கியது.

கணக்கும் போட்டோம். 3 கிலோவுக்கு ஏறக்குறைய 30 நியூட்டன் விசை. படுக்கையில் பரப்பு 253 சதுர செ.மீ., சதுர மீட்டருக்கு மாற்றி வகுத்தால் அழுத்தம் சுமார் 1,200 பாஸ்கல். நிமிர்ந்தால் 77 சதுர செ.மீ.தான், சுமார் 3,900 பாஸ்கல். விசை இம்மி கூட மாறவில்லை, அழுத்தம் மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிட்டது.

அப்போது ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளை, அவள் அம்மா சித்தாள் வேலைக்குப் போகிறவர், மெதுவாகக் கேட்டாள்: "சும்மாடு வச்சா பாரம் குறையுதுன்னு அம்மா சொல்லும், பாரம் குறையலை, மண்டையில பரவுது, அப்படித்தானே டீச்சர்?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. துண்டைச் சுருட்டி அவள் தலையில் வைத்து, செங்கல்லை ஏற்றி, எல்லோரையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் போர்டில் எழுதினேன்: அழுத்தம் = உந்துவிசை ÷ பரப்பு.

அடுத்த வீடியோ செக்போஸ்ட் பக்கம் நின்று எடுக்கிறேன். வெறுமையாக வரும் பெரிய லாரிகளில் ஒரு ஜோடிச் சக்கரம் தரையைத் தொடாமல் தூக்கி நிற்கும், சுமை ஏற்றியதும் அதை இறக்கிவிடுவார்கள். ஏன் என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டு வையுங்கள்.