வாவோரானி மக்கள் மறுத்தபோது

அனைவருக்கும் வணக்கம்.

2019 மார்ச்சில், தென் அமெரிக்க நாடான ஈக்வடாரின் பூயோ நகர நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கியதும் வாவோரானி என்னும் பழங்குடியின் பெண்கள் எழுந்து நின்று பாட ஆரம்பித்தார்கள். மழைக்காட்டுக் கிராமங்களிலிருந்து வந்திருந்த மூத்த பெண்கள் அவர்கள். எங்கள் நிலத்தைப் பற்றிய வழக்கை எங்களுக்கே புரியாத மொழியில் நடத்துவதா என்பது அவர்கள் கேள்வி. விசாரணையை ஒத்திவைக்க வேண்டியதாயிற்று.

பாஸ்தாசா மாகாணத்து அமேசான் காட்டை அரசு பிளாக் பிளாக்காகப் பிரித்து, எண்ணெய் நிறுவனங்களுக்கு ஏலம் விட முனைந்தது. 22-ஆம் எண் பிளாக் வாவோரானி நிலத்தின் மேல் விழுந்தது. கேட்டால், 2012-லேயே இந்த மக்களைக் கலந்தாலோசித்தாயிற்று என்றது அரசு. என்ன கலந்தாலோசனை அது? எண்ணெய் எடுத்தால் ஆறு என்னவாகும், வேட்டை என்னவாகும் என்று அவர்களுக்கு விளங்கும்படி யாரும் சொல்லவில்லை. ஏப்ரல் 26-ஆம் தேதி நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சுமார் 1,80,000 ஹெக்டேர் காடு ஏலத்திலிருந்து தப்பியது. போராட்டத்தை முன்நின்று நடத்திய நெமோந்தே நென்கிமோவுக்கு மறு ஆண்டு சுற்றுச்சூழலுக்காகப் போராடுவோருக்கான கோல்ட்மேன் விருது கிடைத்தது.

அவர்கள் தயாரித்த வரைபடத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அரசின் வரைபடத்தில் அந்த நிலம் வெறும் எண் போட்ட கட்டம். கிராமத்து மக்கள் ஜிபிஎஸ் கருவியோடு காட்டுக்குள் நடந்து, வேட்டைத் தடம், மீன் பிடிக்கும் துறை, மருந்துச் செடி நிற்கும் இடம், முன்னோர் வாழ்ந்த இடம் என்று ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். கருவியும் பயிற்சியும் வெளியிலிருந்து வந்தவை. எதைக் குறிப்பது என்பதை அவர்களே முடிவு செய்தார்கள். உதவி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பேன்.

சரி, ஏழை நாடு எண்ணெயை விட்டுவிட்டு என்ன செய்யும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2007-இல் ஈக்வடாரே உலகத்திடம் ஒரு யோசனை சொன்னது: எங்கள் அமேசானில் இருக்கும் யாசுனிக் காட்டின் ஒரு பகுதி எண்ணெயைத் தொடாமல் விடுகிறோம், இழக்கும் வருமானத்தில் பாதியை, 360 கோடி டாலரை, நீங்கள் கொடுங்கள். கையில் வந்தது சுமார் 1.3 கோடி டாலர்தான். 2013-இல் திட்டம் கைவிடப்பட்டது. 2016-இல் எண்ணெய் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். காட்டைக் காப்பாற்று என்று பேசிய பணக்கார நாடுகள் அன்று பணத்தைக் கொடுத்திருந்தால் அந்தக் கிணறுகளே வந்திருக்காது. இது எனக்கு ஆறாத கோபம்.

அப்புறம் 2023 ஆகஸ்ட் 20 அன்று அந்நாட்டு மக்களே வாக்களித்தார்கள். ஏறத்தாழ 59 சதவீதம் பேர் அந்த எண்ணெயை நிலத்துக்குள்ளேயே விடச் சொன்னார்கள். ஓராண்டுக்குள் வேலையை முடித்து வெளியேற வேண்டும் என்பது அரசியலமைப்பு நீதிமன்றத்தின் நிபந்தனை. கெடு முடிந்தபோது பெரும்பாலான கிணறுகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. வெளியுலகத் தொடர்பே வேண்டாம் என்று ஒதுங்கி வாழும் தகாயெரி, தாரோமெனானே மக்கள் இருப்பது அந்த யாசுனிக் காட்டில்தான். அவர்கள் எந்த நீதிமன்றத்துக்கும் வந்து பேசப்போவதில்லை. ஆகவே அங்கே வழக்காடும் பழங்குடி அமைப்புகளுக்கு வழக்கறிஞர், மொழிபெயர்ப்பாளர் செலவுக்கு உதவுங்கள். மக்கள் வாக்களித்தபடி கிணறுகளை மூடு என்று ஈக்வடார் அரசை உங்கள் பெயரிலும் கேளுங்கள்.