முகத்துல பூசுற களிமண் மாஸ்க்கைக் கழுவினதும் முகம் பளிச்சுனு தெரியுதே, அது எதனால?

[காட்சி: கறுப்புத் தட்டு. விரல் நுனியால் மாஸ்க்கை ஒரே கோடாக இழுக்கிறோம்.]

பட்டாணி அளவு மாஸ்க். மெல்லிசா இழுத்து, காய விட்டு, தேய்க்காம தண்ணி மட்டும் ஊத்துறோம். தட்டு ஈரமா இருக்கும்போதே பாருங்க, காய்ஞ்ச பிறகு பார்த்தா ஏமாந்துடுவீங்க. கயோலின்ங்கிற வெள்ளைக் களிமண்ணோட ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை எவ்வளவு வளைக்கும்ங்கிற அளவு, சுமார் 1.56. தண்ணியோட எண்ணுக்கு இது ஓரளவு பக்கம். அதனால தண்ணி பட்டதும் அந்தப் படலம் மங்கி, பாதிக்கு மேல கண்ணுக்கே தெரியாது. டைட்டானியம் டையாக்ஸைடுங்கிற வெள்ளை நிறமிக்கு அந்த எண் 2.5-க்கும் மேல. அது ஈரத்துலயும் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையா நிக்கும்.

உங்க தட்டுல அப்படி வெள்ளை நின்னா, முகத்துலயும் நிக்கும். புருவ ஓரம், மூக்கு மடிப்பு, தலைமுடி தொடங்குற இடம், இங்கெல்லாம் அந்தத் தூள் தங்கும். "ஒரே தடவையில நிறம் கூடுச்சு"ன்னு தோணுறதுல ஒரு பங்கு இதுதான். மிச்சத்துக்குக் காரணம் வேற: எண்ணெய்ப் பசை போனதால தோல் சீரா தெரியுது, தண்ணி பட்டதால மேல்தோல் கொஞ்சம் உப்புது. தோலுக்கு நிறம் தர்ற மெலனின் அளவு துளிகூட மாறியிருக்காது.

[காட்சி: டப்பாவின் பின்பக்கம், பொருள் பட்டியல் பெரிதாக.]

இப்போ பட்டியல். தண்ணி, கயோலின், கிளிசரின், பென்டோனைட் (இன்னொரு களிமண்), சாந்தன் கம், ஃபீனாக்ஸிஎத்தனால், நியாசினமைடு, அதிமதுரச் சாறு, வாசனை, சி.ஐ. 77891. விலை குறைஞ்ச மாஸ்க்ல இந்த மாதிரி வரிசையை அடிக்கடி பார்க்கலாம்.

பொருட்களை அளவு அதிகமா இருக்கிறதுல இருந்து எழுதிட்டு வருவாங்க. ஆனா 1 சதவீதத்துக்குக் கீழ வந்துட்டா எந்த வரிசையில வேணும்னாலும் எழுதலாம். அந்த எல்லை எங்கன்னு கண்டுபிடிக்க ஃபீனாக்ஸிஎத்தனாலைத் தேடுங்க. கெட்டுப்போகாம இருக்கச் சேர்க்கிற பொருள் இது. ஐரோப்பிய விதிப்படி 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதுக்குப் பின்னாடி நியாசினமைடு நின்னா, அதுவும் 1 சதவீதத்துக்குள்ளதான்னு பெரும்பாலும் எடுத்துக்கலாம். நியாசினமைடு கருந்திட்டைக் குறைக்கும்னு சொல்ற ஆய்வுகள்ல பயன்படுத்தினது 4, 5 சதவீதம். அதுவும் முகத்துலயே விட்டுவைக்கிற க்ரீம்ல, வாரக்கணக்கா. பத்து நிமிஷத்துல கழுவிடுற பூச்சுல அரை சதவீதம் போட்டா, அது டப்பாவோட முன்பக்கத்துல பேர் போடத்தான் உதவும்.

கடைசில நிக்கிற சி.ஐ. 77891 வேற யாரும் இல்ல, நாம தட்டுல பார்த்த டைட்டானியம் டையாக்ஸைடுதான். நிறமிகளை மட்டும் அளவு பார்க்காம கடைசில எழுத அனுமதி உண்டு. அதனால "கடைசில இருக்கு, கொஞ்சமாத்தான் இருக்கும்"ங்கிற கணக்கு இதுக்குச் செல்லாது.

பட்டியலே இல்லாத வெளுப்பாக்கும் பூச்சையோ, கலோமெல், மெர்குரஸ் குளோரைடு, அமோனியேட்டட் மெர்குரின்னு எழுதினதையோ தொடவே தொடாதீங்க. இதெல்லாம் பாதரசம், சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

[காட்சி: சிறு கண்ணாடிக் கிண்ணம், பி.எச். தாள்.]

அடுத்தது பி.எச்., அதாவது அமிலமா காரமான்னு காட்டுற அளவு. 1 கிராம் மாஸ்க், 9 கிராம் வாலைவடிநீர் (டிஸ்டில்டு வாட்டர்). குழாய்த் தண்ணி வேண்டாம், அதோட உப்புகளே கணக்கைக் கெடுக்கும். கலக்கி பத்து நிமிஷம் தெளிய விட்டு, மேல் தண்ணியில தாளை நனைங்க. பென்டோனைட் அதிகம் இருந்தா லேசுல தெளியாது, கூழாவே நிக்கும், வடிதாள்ல வடிகட்டுங்க. தோலோட மேற்பரப்பு சுமார் 5. வெறும் பென்டோனைட் பொடியைத் தண்ணியில கரைச்சா 8.5-க்கு மேல போகும். உங்க மாஸ்க் 8 காட்டினா, கழுவினதும் வர்ற இறுக்கத்துக்கு ஒரு காரணம் கிடைச்சாச்சு. இதைச் சரிபண்றேன்னு எலுமிச்சைச் சாறு ஊத்துறவங்க உண்டு. அது பி.எச். 2 பக்கம் போற அமிலம். எரிச்சலோட, வெயில் பட்டா கருந்திட்டு இன்னும் கூடவும் வாய்ப்பு இருக்கு. (உலோகக் கரண்டி பட்டா களிமண் கெட்டுடும்னு சொல்றதை மட்டும் விட்டுடுங்க, எவர்சில்வர் கரண்டியால ஒரு நிமிஷம் கலக்கினா ஒண்ணும் ஆகாது.)

[காட்சி: முகத்தின் நடுவில் கோடு. இடப்பக்கம் மாஸ்க், வலப்பக்கம் ஒன்றும் இல்லை.]

முகத்துல போடுறதுக்கு முன்னாடி முழங்கையோட உள்பக்கம் கொஞ்சம் பூசி, பத்து நிமிஷத்துல கழுவி, 48 மணி நேரம் பாருங்க. அரிப்போ தடிப்போ இல்லைன்னா பாதி முகச் சோதனை. தட்டையா அரை டீஸ்பூன், அதாவது 3 கிராம் போல, பாதி முகத்துக்குப் போதும். தோல் நிறம் தெரியாத அளவுக்குப் பூசணும், ஆனா 2 மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டாம். ரொம்ப மெல்லிசா இழுத்தா மூணே நிமிஷத்துல காய்ஞ்சு வெடிக்கும்.

எப்போ கழுவணும்ங்கிறதுலதான் நிறையப் பேர் தவறுறாங்க. ஓரம் வெளுத்து, கன்னத்து நடுவுல விரல் வச்சா இன்னும் குளிர்ச்சியா ஒட்டணும். அதுதான் நேரம், பெரும்பாலும் 8 முதல் 10 நிமிஷம். களிமண் துகள்கள் தட்டுத்தட்டா இருக்கும். தண்ணி போகப்போக ஒண்ணை ஒண்ணு நெருங்கிச் சுருங்கும், அந்த இழுப்புல தோலும் இழுபடும். முழுசா காய விட்டா மேல்தோல் வறண்டு, கழுவினதும் முகம் சிவக்கும். அந்தச் சிவப்பைத்தான் சிலர் பொலிவுன்னு நினைச்சுக்கிறாங்க. கழுவும்போது சுரண்டாதீங்க, முதல்ல தண்ணி தெளிச்சு ஊற விடுங்க. மாஸ்க் போடாத பக்கத்தையும் அதே தண்ணியில, அதே நேரம் கழுவணும். இல்லைன்னா ஒப்பிடவே முடியாது.

ஃபோட்டோ நாலு: போடுறதுக்கு முன், கழுவின உடனே, அரை மணி கழிச்சு, மறுநாள் காலை. ஒரே ஜன்னல், ஒரே மாதிரி வெளிச்சம், தாடைக்குப் பக்கத்துல ஒரு வெள்ளைத் தாள். கேமராவோட அழகு ஃபில்டரை அணைச்சு, வெளிச்ச அளவைப் பூட்டிடுங்க. நாலு படத்துலயும் தாள் ஒரே வெள்ளையா இல்லைன்னா மறுபடி எடுக்கணும்.

கழுவின உடனே எடுத்த படத்துல இடப்பக்கம் வெளுத்து, மறுநாள் படத்துல ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்தா, நீங்க பார்த்தது தூளும் தற்காலிக மாற்றமும்தான். மூக்கு, நெத்தியில எண்ணெய்ப் பசை அரை நாளாவது குறைஞ்சிருந்தா மாஸ்க்கைத் தூக்கிப் போட வேண்டாம். வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை, எண்ணெய் வழியிற இடத்துக்கு மட்டும் போடுங்க. டப்பாவுக்குள்ள ஈர விரலை விடாதீங்க. மேல தண்ணி பிரிஞ்சு நின்னா கலக்கிக்கலாம். புள்ளி புள்ளியா பூஞ்சையோ புளிச்ச வாடையோ வந்தா, பாதி டப்பா மிச்சம் இருந்தாலும் குப்பைக்குத்தான்.