ஹாமர்ஃபெஸ்ட் என்னும் படகுத்துறை

நேயர்களுக்கு வணக்கம்.

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தியவன் நான். ஒரு நாள் வகுப்பில் வரைபடத்தின் மேல் ஓரத்தைக் காட்டி, "இங்கே நார்வேயில் ஹாமர்ஃபெஸ்ட்னு ஒரு ஊர் இருக்கு. நவம்பர் 21 வாக்கில் மறையற சூரியன் ஜனவரி 21 வாக்கில்தான் மறுபடி தலைகாட்டும்" என்றேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. "வேற இடமே கிடைக்கலையா சார்?"

வகுப்பே சிரித்தது, நானும்தான். ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தால், புவியியலில் இதைவிட நல்ல கேள்வி ஏது? பணி ஓய்வு பெற்றபின் ஒரு ஜூன் மாதம் அந்த ஊருக்கே போய் நான்கு நாள் தங்கிவிட்டு வந்தேன். அந்தப் பையனுக்கு அன்று சொல்லாமல் விட்டதை இன்று வானொலியில் சொல்கிறேன்.

முதலில் இடம். நார்வேயின் வட கடலோரம் முழுக்கத் தீவுகள். அவற்றில் ஒன்று க்வாலோயா, திமிங்கிலத் தீவு என்று பொருள். அதன் மேற்குப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு சின்னக் குடா. அதைச் சுற்றி ஊர். ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி இன்னும் 450 கிலோமீட்டர் வடக்கே. ஊருக்குள் சுமார் 8,000 பேர். கிட்டத்தட்ட இதே அட்சரேகையில் அலாஸ்காவில் ஊட்கியாவிக் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஜனவரிச் சராசரி வெப்பம் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே. கடல் உறைந்து கட்டியாகிவிடும். ஹாமர்ஃபெஸ்டில் அதே ஜனவரியில் மைனஸ் 5-ஐ ஒட்டித்தான். கடல் உறைவதே இல்லை. அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டம் நார்வேக் கரையை ஒட்டியபடி அவ்வளவு தூரம் மேலே ஏறிப் போகிறது. வெதுவெதுப்பு என்றதும் குளிக்க ஆசைப்பட வேண்டாம். உறையாத அளவுக்கு வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

உறையாத கடல் என்றால் வருடம் முழுக்க மீன்பிடிக்கலாம். ஆனால் அந்தக் கரை நெடுகவே உறைவதில்லையே, குறிப்பாக இந்தக் குடா எதற்கு? அதற்குப் பதில் ஊர்ப் பெயரில் இருக்கிறது. பழைய வடமொழியில் (நம் சமஸ்கிருதம் இல்லை, அவர்கள் வடக்கின் மொழி) 'ஹமர்' என்றால் செங்குத்துப் பாறை, 'ஃபெஸ்ட்' என்றால் படகைக் கட்டும் இடம். கரையில் கிடந்த பெரும் பாறைகளில் கயிற்றைக் கட்டிப் படகுகளை நிறுத்தியிருக்கிறார்கள். நாமாக இருந்தால் பாறைத்துறை என்று பெயர் வைத்திருப்போம். அந்தப் பாறைகளை இன்று பார்க்க முடியாது. சாலையும் வீடும் போடக் கரையை மேடாக்கியபோது மண்ணுக்கடியில் போய்விட்டன.

1789-இல் இதற்கு நகர அந்தஸ்து கிடைத்தது. அப்போது நார்வே டென்மார்க் மன்னரின் ஆட்சியில் இருந்தது. வெள்ளைக்கடல் பக்கத்து ருஷ்ய வியாபாரிகள் ரை மாவு கொண்டுவருவார்கள், மீனை ஏற்றிக்கொண்டு போவார்கள். தானியம் விளையாத கரைக்கு இந்தப் பண்டமாற்றுதான் சோறு போட்டது. நெப்போலியன் காலத்துச் சண்டையில், 1809-இல், இரண்டு பிரிட்டிஷ் கப்பல்கள் வந்து ஊரைக் கொள்ளையடித்துவிட்டுப் போயின.

குடாவின் எதிர்க்கரை ஃபுக்லெனெஸ். அங்கே ஒரு கிரானைட் தூண் நிற்கிறது, உச்சியில் ஒரு உலக உருண்டையோடு. அதைப் பார்க்கத்தான் நான் முக்கியமாகப் போனேன் என்று சொன்னால் வீட்டில் நம்பவில்லை. 1816 முதல் 1850-கள் வரை, வானியலாளர் ஸ்ட்ரூவ வழிகாட்ட, கருங்கடல் ஓரத்திலிருந்து இந்த இடம் வரை முக்கோணம் முக்கோணமாகப் பூமியை அளந்துகொண்டே வந்தார்கள். 2,820 கிலோமீட்டர், 258 முக்கோணங்கள். இன்றைய கணக்கில் பத்து நாடுகள். அந்த அளவையின் வடமுனைதான் இந்தத் தூண். 2005-இல் யுனெஸ்கோ இந்த அளவை வரிசையின் 34 புள்ளிகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

எதற்கு இவ்வளவு பாடு? பூமி துருவங்களில் கொஞ்சம் தட்டை. எவ்வளவு தட்டை என்று தெரிய வேண்டுமானால் ஒரு டிகிரி அட்சரேகையின் நீளத்தைத் தெற்கேயும் வடக்கேயும் அளந்து ஒப்பிட வேண்டும். சென்னை அருகே அது ஏறக்குறைய 110.6 கிலோமீட்டர். ஹாமர்ஃபெஸ்ட் அருகே 111.6. சென்னை என்று சும்மா சொல்லவில்லை. 1802-இல் பரங்கிமலையடியில் பிரிட்டிஷ் நில அளவையாளர் லாம்டன் எஃகுச் சங்கிலியை நீட்டி அடிக்கோடு அளந்து தொடங்கிய வேலையும் இதே கேள்விக்காகத்தான். தூணின் கல்லைத் தொட்டபோது, அடிக்கடி ரயிலில் கடந்துபோகிற பரங்கிமலை நிலையம் ஞாபகம் வந்தது.

சரி, ஊருக்குத் திரும்புவோம். 1890-இல் பெரிய தீ. மரவீடுகள், ஏராளமாக எரிந்து போய்விட்டன. மறு வருடமே தெருக்களில் மின்விளக்கு எரிந்தது. வட ஐரோப்பாவில் பெரிய நகரங்கள் பலவற்றுக்கும் முன்னால் இந்தக் குட்டி ஊர் முந்திக்கொண்டது. இரண்டு மாதம் சூரியன் இல்லாதவர்களுக்குத் தெருவிளக்கின் அருமை தெரியாதா என்ன! 1893-இல் தெற்கே ட்ரொண்ட்ஹைமிலிருந்து குளிர்காலத்திலும் நிற்காமல் ஓடும் கப்பல் சேவை தொடங்கியபோது, அதன் முதல் பயணம் முடிந்த துறைமுகம் ஹாமர்ஃபெஸ்ட்.

அடுத்த தீ தானாகப் பிடித்ததில்லை. 1944 அக்டோபரில் சோவியத் செம்படை கிழக்கிலிருந்து நார்வேக்குள் நுழைந்ததும், பின்வாங்கிய ஜெர்மன் படைக்கு ஹிட்லரின் உத்தரவு வந்தது: மக்களை வெளியேற்று, ஒன்றையும் மிச்சம் வைக்காதே. வடக்கு நார்வேயில் சுமார் 50,000 பேரைக் கப்பல்களில் தெற்கே அனுப்பினார்கள். ஒளிந்துகொண்டவர்கள் குகைகளிலும் புல்மண் குடிசைகளிலும் அந்தக் குளிர்காலத்தைத் தள்ளினார்கள். ஹாமர்ஃபெஸ்ட் வீடு வீடாக எரிக்கப்பட்டது. 1945 பிப்ரவரியில் கடைசிப் படைவீரர்கள் கிளம்பியபோது நின்றது ஒரே ஒரு கட்டடம். 1937-இல் கட்டிய, இறுதிச் சடங்குக்கான சிற்றாலயம். நான் போனபோது அது பூட்டியிருந்தது. வாசற்படியில் உட்கார்ந்து ஊரைப் பார்த்தேன். கண்ணில் பட்ட கட்டடம் எதற்கும் என்னைவிட ரொம்ப வயது அதிகம் இருக்காது என்பது அப்போதுதான் உறைத்தது.

போர் முடிந்ததும் அரசாங்கம் சொன்னது: இப்போது வராதீர்கள், தங்க இடமில்லை, கண்ணிவெடி கிடக்கிறது. யார் கேட்டார்கள்? வந்து, கிடைத்த பலகையை வைத்துக் கொட்டகை போட்டார்கள். அப்புறம் அரசே ஒரே அச்சில் வார்த்த மாதிரி எளிய வீடுகளைக் கட்டிக்கொடுத்தது. மீன் ஆலை வந்தது. வெட்டிய மீனை உறைய வைத்து ஐரோப்பாவெங்கும் அனுப்பும் தொழில் அந்தக் கரையைப் பல பத்தாண்டுகள் தாங்கியது. 1980-களிலும் 90-களிலும் போரால் ஊரைவிட்டு வந்த இலங்கைத் தமிழர்கள் பலர் இந்த ஃபின்மார்க் பகுதியின் மீன் ஆலைகளில் வேலை பார்த்தார்கள். பிறகு பெரும்பாலோர் தெற்கே ஆஸ்லோ பக்கம் போய்விட்டார்கள். எரிந்த ஊரைப் பற்றி அவர்களும் உள்ளூர்க் கிழவர்களும் உணவு இடைவேளையில் என்ன பேசிக்கொண்டார்களோ!

இப்போது ஊருக்குச் சோறு போடுவது எரிவாயு. கடலுக்கடியில் 143 கிலோமீட்டர் குழாய் வழியாக மெல்கோயா என்ற பக்கத்துத் தீவுக்கு வருகிறது. அங்கே மைனஸ் 163 டிகிரிக்குக் குளிர்வித்துத் திரவமாக்கிக் கப்பலில் ஏற்றுகிறார்கள். 2007-இல் தொடங்கியது. 2020-இல் அங்கேயும் தீ! ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆலை மூடிக் கிடந்தது.

அப்புறம், உலகின் வடகோடி நகரம் தாங்கள்தான் என்று ஹாமர்ஃபெஸ்ட்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். பக்கத்தில் ஹொன்னிங்ஸ்வோக் என்ற ஊர் இன்னும் வடக்கே இருக்கிறது; 1996-இல் தானும் நகரம் என்று அறிவித்துக்கொண்டது. 1997-இல் நார்வே ஒரு சட்டம் போட்டது, நகரம் என்றால் 5,000 பேராவது வேண்டும் என்று. ஹொன்னிங்ஸ்வோக்கில் அதில் பாதி ஆள்தான். ஆனால் சட்டத்துக்கு முந்திய வருடமே நாங்கள் நகரமாகிவிட்டோமே என்கிறார்கள். எனக்கு ஹாமர்ஃபெஸ்டில் காபி வாங்கிக் கொடுத்தார்கள், அதனால் நான் அவர்கள் கட்சி.

கடைசி நாள் இரவு பதினொரு மணி. வெயில் சுவரில் மஞ்சளாக அடிக்கிறது. அந்தத் தீவு சாமி மக்களின் மேய்ச்சல் நிலம் (நம் சாமி இல்லை, அங்குள்ள பூர்வகுடிகள்). கோடையில் அவர்களின் ரெயின்டீர் மான்கள் ஊருக்குள்ளும் வந்துவிடும். வராமலிருக்க வேலி போட்டிருக்கிறார்கள். அந்த வேலியை எப்படியோ தாண்டி வந்த ஒன்று, கடைத்தெருவின் நடுவில் காலை மடக்கிப் படுத்திருந்தது. பேருந்து வந்து நின்றது. ஓட்டுநர் ஹாரன் அடிக்கவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு, ஃபிளாஸ்க்கைத் திறந்தார்.