மலைக்கும் ஒரு பெரட்டு

நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து வந்திருக்கிறேன். விமானத்தில் போய் இமயமலையைப் பார்த்த அனுபவத்தைப் பேசச் சொன்னார்கள். அதில் பாதிக்கு மேல் என் அம்மாவின் அனுபவம்தான், நான் பெட்டி தூக்கிக்கொண்டு கூடப் போனவன்.

அம்மாவுக்கு வயது 76. ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். விடியும் முன்னே பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் வரிசைக்கு, போய் நிற்க வேண்டிய வேலை. இப்போது முழங்கால் சரியில்லை, கோயிலில் நாலு படி ஏறவே கைப்பிடி வேண்டும். அவரை எவரெஸ்ட் பார்க்கக் கூட்டிப் போகிறேன் என்றதும் தங்கை என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

விஷயம் இதுதான். காட்மாண்டுவிலிருந்து விடிந்ததும் சிறிய விமானங்கள் கிளம்பும். இமயத்தை ஒட்டியே கிழக்கே பறந்து, எவரெஸ்ட்டைக் காட்டிவிட்டு, ஒரு மணி நேரத்தில் ஏறிய இடத்திலேயே இறக்கிவிடும். எங்களுக்குச் சன்னலோர இருக்கை மட்டும்தான் விற்றார்கள். அதனால் அம்மா முன்னால், நான் பின்னால். போகும்போது மலை இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம், ஆகவே இருக்கைக்குச் சண்டை வேண்டாம்.

முதல் நாள் போகவே முடியவில்லை. பள்ளத்தாக்கு முழுக்கப் பனிமூட்டம். மூன்று மணி நேரம் காத்திருந்த பிறகு ரத்து என்றார்கள். எனக்கு எரிச்சல். அம்மா கோப்பியை ஆற்றிக்கொண்டே, "மழை பேஞ்சா வெட்டு இல்லதானே, தம்பி? நாளைக்கு வரலாம்" என்றார்.

மறுநாளும் இருட்டோடு எழ வேண்டியிருந்தது. நேபாள நேரம் நமக்கு இரண்டே கால் மணி பின்னால், அந்தக் கால் மணிக் கணக்கு என்னைக் கடைசிவரை குழப்பியது. ஏன் இவ்வளவு காலையில் என்று அம்மாவுக்கு நான் விளக்க ஆரம்பித்தேன். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் காற்று சூடாகி மேலே போகும், அதோடு போகும் ஈரம் மேகமாகி மலையை மூடிவிடும். அவர் என்னை முடிக்க விடவில்லை. "வெயில் ஏறினா பால் நின்னுடும்ல, அது மாதிரி." அதேதான். விடியும் முன் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், சீவினால் பால் பிடிக்கும் மங்கு நிறையும். நேரம் போனால் சொட்டுதான். வாத்தியார் வேலை பார்த்த எனக்கு இந்த உவமை தோன்றவில்லை.

சரி, மலைக்கு வருவோம். நான் மேலிருந்து கீழே பார்க்கப் போகிறோம் என்றே நினைத்திருந்தேன். அப்படியில்லை. அந்த ரக விமானம் 25,000 அடிக்கு மேல் போகாது. எவரெஸ்ட் 29,000 அடியையும் தாண்டியது. மலை சன்னலுக்கு நேரே வந்து நிற்கிறது, நாம்தான் கொஞ்சம் அண்ணாந்து பார்க்கிறோம். கௌரிசங்கரின் இரட்டைக் கூர் முதலில் வந்தது. அப்புறம் சோ ஓயு, அகலமான வெள்ளை முதுகு. எவரெஸ்ட் வந்தபோது எனக்குச் சிறு ஏமாற்றம் என்றே சொல்ல வேண்டும். நுப்சே, லோட்சே சுவர்போல முன்னால் நிற்க, அதன் பின்னாலிருந்து ஒரு கறுத்த முக்கோணம் எட்டிப் பார்த்தது. காற்று பனியைத் தங்கவிடாமல் அடித்துக்கொண்டு போவதால்தான் அந்தக் கறுப்பு. உச்சியிலிருந்து பனித்தூள் புகைபோல ஒரு பக்கமாக இழுபட்டுக்கொண்டிருந்தது.

அம்மாவின் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கிவிட்டது. பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வாங்கிய ஸ்வெட்டருக்குள்ளிருந்து முந்தானையை இழுத்துத் துடைத்தார். மறுபடி மங்கியது, மறுபடி துடைத்தார். நான் இருக்கை இடுக்கில் வாயை வைத்து உயரம் சொன்னேன்: 8,848.86 மீட்டர், 2020-ல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்தது. நம் ஊருக்குக் கிழக்கே தெரிகிற மலைத்தொடரில் இருக்கும் கொர்பு 2,183 மீட்டர். நாலு கொர்புவை அடுக்கினாலும் நூறு மீட்டருக்கு மேல் குறையும். இந்த மலையின் உயரத்தை முதலில் கணக்கிட்ட பெரிய நில அளவை, 1802-ல் நம் சென்னைப் பரங்கிமலை அருகேதான் தொடங்கியது என்றும் சொன்னேன். பரங்கிமலை அவருக்குப் பிடிபடவில்லை.

ஆனால் 1997 மே 23 அன்று எவரெஸ்ட் உச்சியில் நின்ற முதல் மலேசியர்கள் மகேந்திரனும் மோகனதாஸும் என்றதும் திரும்பினார்.

"நம்ம பிள்ளைங்களா?"

"ஆமாம்மா."

"எந்தப் பக்கமா ஏறினாங்க?"

தெற்குப் பக்கம், அந்தச் சுவருக்குப் பின்னால், இங்கிருந்து தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை மணிக்குப் பெரட்டு அவங்களுக்கு?"

உச்சிக்குப் போகிறவர்கள் ராத்திரியே கூடாரத்தை விட்டுக் கிளம்பிவிடுவார்கள் என்றேன்.

"அதானே" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணாடியைத் துடைத்தார்.