இடம் மாறிய கல்லறையும் இடம் மாறாத பலகையும்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்தில், வர்ஜீனியா எல்லைக்கு அருகே உள்ள கிரான்வில் கவுண்டி என்னும் மாவட்டத்தில், ஸ்டோவால் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே நெடுஞ்சாலையோரம் ஒரு கம்பத்தின் மேல், வெள்ளி நிறப் பின்னணியில் கறுப்பு எழுத்துகளோடு நிற்கும் உலோகப் பலகை ஒன்றைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். சுதந்திரப் பிரகடனத்தில் வட கரோலைனாவின் சார்பில் கையெழுத்திட்ட மூவரில் ஒருவர் ஜான் பென் என்றும், அவருடைய வீடு அங்கிருந்து வடகிழக்கே மூன்று மைல் தொலைவில் இருந்தது என்றும் அது கூறுகிறது. அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் 1936 ஜனவரியில் நாட்டப்பட்ட இந்தப் பலகையே, இன்று 1,600-க்கும் மேற்பட்ட பலகைகளாகப் பெருகி, மாநிலத்தின் 100 கவுண்டிகளில் ஒன்றையும் விடாமல் பரவியிருக்கும் ஒரு பெருந்திட்டத்தின் முதல் பலகை.

பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென் வேறு, இந்த ஜான் பென் வேறு. வர்ஜீனியாவின் கரோலைன் கவுண்டியில் பிறந்த இவருக்கு இளமையில் பள்ளிக் கல்வி மிகக் குறைவாகவே கிடைத்தது. தந்தை இறந்தபின், உறவினரும் புகழ்பெற்ற வழக்கறிஞருமான எட்மண்ட் பெண்டில்டனின் நூலகத்தில் தாமே சட்டம் பயின்று வழக்கறிஞர் ஆனார். 1774-இல் கிரான்வில் கவுண்டிக்குக் குடிபெயர்ந்தவரை, அடுத்த ஆண்டே அம்மாநில மக்கள் பிலடெல்பியாவில் கூடிய, அமெரிக்கக் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் அவையான கண்டப் பேரவைக்கு அனுப்பினார்கள் என்றால், வந்த இடத்தில் எவ்வளவு விரைவாக நம்பிக்கையைப் பெற்றிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். 1776-இல் சுதந்திரப் பிரகடனத்திலும், பின்னர் அமெரிக்காவின் முதல் அரசியல் சட்டமான கூட்டமைப்பு விதிகளிலும் அவர் கையெழுத்திட்டார். பிரிட்டனுக்கு எதிரான விடுதலைப் போரின்போது, 1780-இல் கேம்டனில் அமெரிக்கப் படை படுதோல்வி அடைந்து தென் மாநிலங்கள் கலங்கி நின்ற வேளையில், மாநிலச் சட்டமன்றம் அமைத்த மூவர் கொண்ட போர் வாரியத்தில் இடம்பெற்று, படைகளுக்கு உணவும் பொருளும் சேர்க்கும் பணியை மேற்கொண்டார். பேச்சாலோ எழுத்தாலோ பெரும்புகழ் ஈட்டியவர் அல்லர். ஆனால் ஒரு போரை நாள்தோறும் நடத்திச் செல்வது இத்தகையவர்களின் உழைப்பே என்பது என் உறுதியான எண்ணம். 1788-இல் இறந்த அவரை ஸ்டோவாலுக்கு அருகில் அவருடைய சொந்த நிலத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

ஆனால் இன்று அங்கே சென்றால் அவர் அங்கே இல்லை. 1894-இல் அவருடைய எச்சங்களைத் தோண்டியெடுத்து, நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள கிரீன்ஸ்பரோ நகருக்குக் கொண்டு சென்று, கில்ஃபோர்டு கோர்ட்ஹவுஸ் போர்க்களத்தில் மீண்டும் புதைத்தார்கள். கையெழுத்திட்ட மூவரில் மற்றொருவரான வில்லியம் ஹூப்பரின் எச்சங்களும் ஹில்ஸ்பரோவிலிருந்து அதே ஆண்டில் அங்கே கொண்டுவரப்பட்டன. மூன்றாமவரான ஜோசப் ஹியூஸ் 1779-இல் பிலடெல்பியாவில் இறந்து அங்கேயே அடக்கமானவர். 1781 மார்ச் 15 அன்று அமெரிக்கத் தளபதி நதானியேல் கிரீனின் படையும் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் பிரபுவின் படையும் மோதிய களம் கில்ஃபோர்டு கோர்ட்ஹவுஸ். அதைக் காப்பதற்கென்று 1887-இல் தொடங்கப்பட்ட நிறுவனத்தார், அந்நிலத்தை மாநிலம் முழுவதற்கும் உரிய நினைவுத்தலமாக ஆக்க முயன்றார்கள். நோக்கம் நல்லதுதான். எனினும் பென்னோ ஹூப்பரோ அந்தப் போரில் வாளேந்தியவர்கள் அல்லர். தாம் வாழ்ந்த மண்ணில் உறங்கிய ஒருவரைத் தமக்குத் தொடர்பில்லாத களத்துக்குப் பெயர்த்துச் சென்றது எனக்கு உடன்பாடாகத் தோன்றவில்லை.

இதனால்தான் அந்தச் சாலையோரப் பலகையை நான் பெரிதாக மதிக்கிறேன். 1935-இல் மாநிலச் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தின்படி பலகைகளை நாட்டத் தொடங்கியவர்கள், முதல் பலகையைக் கல்லறையும் நினைவுச் சின்னமும் இருந்த கிரீன்ஸ்பரோவில் வைக்காமல், அவர் வாழ்ந்த ஊரின் சாலையில் வைத்தார்கள். யாருக்கு, எந்த நிகழ்ச்சிக்குப் பலகை தகும் என்பதை வரலாற்று அறிஞர்களின் குழு ஆராய்ந்து முடிவு செய்வது அங்குள்ள முறை. ஓடும் காரில் இருப்பவரும் படிக்கும்படி எழுத்துகள் பெரிதாக இருக்க வேண்டும் என்பதால் வாசகம் சில வரிகளுக்குள் அடங்கியாக வேண்டும்; புகழுரைக்கு அங்கே இடமே கிடையாது. வெறும் செய்தியை மட்டும் சொல்லும் அந்தக் கட்டுப்பாடு, பளிங்குச் சிலைகள் பலவற்றுக்கு இல்லாத நேர்மையைப் பலகைக்குத் தந்துவிடுகிறது.

ஆயினும் சுருக்கத்துக்கு ஒரு விலையும் உண்டு. எல்லா மனிதரும் சமமாகவே படைக்கப்பட்டனர் என்று அறிவித்த ஆவணத்தில் பென் கையெழுத்திட்ட காலத்தில், அவர் வாழ்ந்த மாநிலத்தில் மனிதரை விலைக்கு வாங்குவது சட்டப்படி செல்லும். அதைப் பற்றி முதல் பலகை எதுவும் சொல்லவில்லை. பின்னாளில் வந்த பலகைகள் இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன. அடிமைத்தளையிலிருந்து தப்பித் தம் வரலாற்றைத் தாமே எழுதிய ஹாரியட் ஜேக்கப்ஸுக்கு ஈடன்டன் நகரில் ஒரு பலகை இருக்கிறது. பென்னின் எச்சங்கள் இருக்கும் அதே கிரீன்ஸ்பரோவில், 1960 பிப்ரவரி 1 அன்று கறுப்பின மாணவர் நால்வர், வெள்ளையருக்கு மட்டுமே பரிமாறிய ஓர் உணவு மேடை முன் அமர்ந்து தொடங்கிய உரிமைப் போராட்டத்துக்கும் ஒரு பலகை இருக்கிறது. ஒரே வடிவம், ஒரே நிறம், ஏறத்தாழ ஒரே அளவு எழுத்து. பிரகடனத்தில் கையெழுத்திட்டவருக்கும் அதன் வாக்கை நிறைவேற்றச் சொல்லிக் கேட்டவர்களுக்கும் மாநில அரசு ஒரே மரியாதையைத் தந்திருக்கிறது.

ஸ்டோவால் பலகையில் இன்னும் ஒரே ஒரு வரி சேர வேண்டும் என்பது என் விருப்பம். இங்கே அடக்கம் செய்யப்பட்ட ஜான் பென்னின் எச்சங்கள் 1894-இல் கில்ஃபோர்டு கோர்ட்ஹவுஸுக்கு மாற்றப்பட்டன என்று அது சொன்னால் போதும். அவரைத் தேடி அந்தச் சாலையில் வருபவருக்கு, எங்கே போக வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

வணக்கம்.