17 பேர் நின்ற களம்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் குடியரசுக் கட்சி தன் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தல்களை நான் நெடுங்காலமாகக் கவனித்து வருகிறேன். வரம்புக்கு உட்பட்ட அரசு, மாநிலங்களின் உரிமை, அரசியல் சட்டம் சொல்வதற்குள் நின்று தீர்ப்பளிக்கும் நீதிபதிகள் ஆகியவற்றில் உறுதியான நம்பிக்கை கொண்ட ஒரு பழமைவாதியாகவே இங்குப் பேசுகிறேன் என்பதையும் தொடக்கத்திலேயே தெரிவித்துவிடுகிறேன். களத்தில் பலர் நிற்கும்போது யார் வெல்வார் என்பதை எப்படிக் கணிப்பது? பலரும் பேச்சுத் திறமையையும் பணபலத்தையும் எடைபோடுகிறார்கள். நான் முதலில் கேட்பது, யார் எப்போது விலகுவார் என்பதைத்தான்.

2016ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு அக்கட்சியில் 17 பேர் போட்டியிட்டார்கள். 2015 ஆகஸ்ட் 6 அன்று கிளீவ்லாந்தில் நடந்த முதல் விவாதத்தில் அத்தனை பேரையும் ஒரே மேடையில் நிறுத்த இயலாமல், 10 பேருக்கு முதன்மை மேடையும் 7 பேருக்கு அதற்கு முன்பாக ஒரு தனி மேடையும் தரப்பட்டன. புளோரிடாவின் முன்னாள் ஆளுநர் ஜெப் புஷ்ஷை ஆதரித்த அமைப்பு 10 கோடி டாலருக்கும் மேல் திரட்டியிருந்தது. இறுதியில் அவருக்குக் கிடைத்த பேராளர்கள், அதாவது கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள், வெறும் 4 பேர். பணத்தைப் பற்றி இதற்குமேல் சொல்லத் தேவையில்லை.

நான் நின்று பேச விரும்புவது ஸ்காட் வாக்கரைப் பற்றி. விஸ்கான்சின் மாநில ஆளுநராக இருந்த அவர், 2011இல் அரசு ஊழியர் சங்கங்கள் ஊதியம் முதலியவற்றுக்காக ஊழியர்கள் சார்பில் பேரம் பேசும் கூட்டுப் பேர உரிமையைக் கட்டுப்படுத்திச் சட்டம் கொண்டுவந்தார். தலைநகர் மேடிசனில் பெரும் போராட்டம் மூண்டது. 2012 ஜூனில் அவரைப் பதவியிலிருந்து திரும்ப அழைக்க நடந்த தேர்தலில் மக்கள் அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள். அத்தகைய தேர்தலில் வென்று பதவியைத் தக்கவைத்துக்கொண்ட முதல் அமெரிக்க ஆளுநர் அவர்தான். கொள்கையைப் பேசுவதோடு நில்லாமல் ஆட்சியிலும் செய்து காட்டியவர் என்பதால், என்னைப் போன்றோருக்கு அவர்மீது பெருமதிப்பு உண்டு. 2015இன் முற்பகுதியில் அயோவா மாநிலக் கணிப்புகளில் அவரே முன்னணியில் இருந்தார். ஆனால் செப்டம்பரில் வெளியான ஒரு தேசியக் கணிப்பில் அவருக்கு அரை விழுக்காடுகூடக் கிடைக்கவில்லை. செப்டம்பர் 21 அன்று அவர் விலகினார். விலகும்போது, அப்போது முன்னணியில் இருந்த டொனால்ட் டிரம்புக்கு மாற்றாக ஒரு பழமைவாதியை மக்கள் அடையாளம் காண வேண்டுமானால், மற்றவர்களும் தம்மைப்போல் விலகுவதைப் பற்றி எண்ணிப்பார்க்க வேண்டும் என்று வேண்டினார். அப்போது களத்தில் 15 பேர் எஞ்சியிருந்தார்கள். அந்த வேண்டுகோளுக்கு அவர்கள் செவிசாய்க்கவில்லை. தேர்தல் முழுவதையும் திரும்பிப் பார்க்கும்போது, அதில் ஒருவர் சொன்ன மிகச் சரியான சொல் அதுவே என்று நான் கருதுகிறேன்.

ஐந்து மாதங்கள் கழித்து, 2016 பிப்ரவரி 20 அன்று தென் கரோலினா வாக்களித்தது. டிரம்ப் 32.5 விழுக்காடு, மார்க்கோ ரூபியோ 22.5, டெட் குரூஸ் 22.3. புஷ், ஓஹியோ ஆளுநர் ஜான் கேசிக், பென் கார்சன் ஆகிய மூவரும் ஆளுக்கு ஏழு, எட்டு விழுக்காடு என்ற அளவில் பிரித்துக்கொண்டார்கள். வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வேறு ஒருவரை விரும்பியிருந்தும், அம்மாநிலத்தின் 50 பேராளர்களும் டிரம்புக்கே சென்றார்கள். ஏனென்றால் அங்கே மாநில அளவில் முதலிடம் பெறுபவருக்கு 29 பேர், ஏழு தொகுதிகள் ஒவ்வொன்றிலும் முதலிடம் பெறுபவருக்கு மும்மூன்று பேர் என்பது விதி. இரண்டாம் இடத்துக்கு எதுவும் கிடையாது. கூட்டம் நெரியும் களத்தில் இத்தகைய விதி இருந்தால், உறுதியான மூன்றில் ஒரு பங்கு ஆதரவே போதுமானது. ஆகவே விலகுபவர்களைப் பாருங்கள். விலக மறுப்பவர்களை அதைவிடக் கூர்ந்து பாருங்கள்.

இது அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் உரியதன்று. 2008இல் அதே தென் கரோலினாவில் ஜான் மெக்கெய்ன் 33 விழுக்காட்டுடன் வென்றார். மைக் ஹக்கபீ 30 பெற்றார். ஃபிரெட் தாம்சன் ஏறத்தாழ 16 விழுக்காட்டை எடுத்துக்கொண்டு, மூன்று நாள் கழித்து விலகினார். தாம்சனும் ஹக்கபீயும் தென்மாநிலப் பழமைவாத வாக்காளர்களையே நம்பி நின்றவர்கள். தாம்சன் முன்னதாகவே விலகியிருந்தால் ஹக்கபீ வென்றிருக்கக்கூடும் என்பது என் கருத்து.

விதியை மாற்றிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது விதியை மாற்றுவதை எந்தப் பழமைவாதியும் ஏற்கக் கூடாது. அந்தந்த மாநிலக் கட்சி வகுத்த முறைக்கு மதிப்பளித்தே ஆக வேண்டும்; ஆகையால் பொறுப்பு வேட்பாளர்களின் தோளில்தான் விழுகிறது. 2016 ஏப்ரல் இறுதியில், இண்டியானா மாநிலத்தைக் கேசிக் குரூஸுக்கும், ஓரிகன், நியூ மெக்சிகோ மாநிலங்களைக் குரூஸ் கேசிக்குக்கும் விட்டுக்கொடுக்க உடன்பட்டார்கள். வாக்கர் சொன்னதை ஏழு மாதம் கழித்து அரைமனதோடு செய்தார்கள். மே 3 அன்று டிரம்ப் இண்டியானாவில் பாதிக்கும் மேற்பட்ட வாக்குகளுடன் வென்றார். அன்றிரவே குரூஸ் விலகினார், மறுநாள் கேசிக்கும் விலகினார்.

எனக்குத் தரப்பட்ட நேரம் முடியப்போவதாக நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். உச்ச நீதிமன்றத்தைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். அந்நீதிமன்றத்தின் நீதிபதிகளை முன்மொழிபவர் அதிபரே. 2016 பிப்ரவரி 13 அன்று அங்கே நீதிபதியாக இருந்த அன்டோனின் ஸ்காலியா மறைந்தார். அந்த இடத்துக்குத் தாம் பரிசீலிக்கும் 11 பெயர்களை மே 18 அன்று டிரம்ப் வெளியிட்டார். முதல்நிலைத் தேர்தலில் வேறு ஒருவரை ஆதரித்த பழமைவாதிகள் பலர் நவம்பரில் அவருக்கு வாக்களித்ததற்கு அந்தப் பட்டியல் ஒரு முக்கியக் காரணம். 2017 ஏப்ரலில் அந்த இடத்தில் நீல் கோர்சச் பொறுப்பேற்றார். வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும் பொறுமையுடன் கேட்ட உங்களுக்கும் என் நன்றி. வணக்கம்.